பலகையில் எழுதும் எண்

காலை ஆறே முக்காலுக்குத்
துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு
பீவர்டெயில் ஏரியின் மேல் நடக்கிறேன்.
மைனஸ் இருபத்தாறு.
மூக்குமயிர் முள்ளாகிக் குத்துகிறது.

ஆழம் பார்த்துக் காலை விடு என்பார்கள்.
இங்கே ஆழத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை,
அது மீனின் விவகாரம்.
கனம் எவ்வளவு?
அதைக் கேட்டுத்தான் விடியுமுன்பே
அடிக்கத் தொடங்குகிறது
என் இரைமீன் கடையின் தொலைபேசி.

படகுத்துறைக்கு எதிரே முதல் துளை.
வெள்ளைத் துருவல் சுருண்டு சுருண்டு எழுந்து
பூட்ஸைச் சுற்றிக் குவிகிறது.
திடீரென்று கை லேசாகும்.
கருத்த நீர் குபுக்கென்று ஏறிவந்து
என்னைப் பார்த்துவிட்டு
நின்றுவிடும்.

கொக்கிக் கம்பியை அடிவிளிம்பில் மாட்டி அளந்தால்
பதினொன்று.
அதில் மேலே நான்கு அங்குலம் வெள்ளை,
விழுந்த பனி நனைந்து உறைந்தது.
அதைப் பாதியாகத்தான் கணக்கில் வைப்பேன்.
கீழே ஏழு,
கறுப்பு, கண்ணாடி, சத்தியம்.

நாணல் திட்டருகே ஒன்பது.
ஓடை வந்து சேரும் வாய்க்குச் சற்று இப்பால்
ஐந்தே கால்.
அந்தத் துளையில் நீர் சும்மா இருக்கவில்லை,
மெல்லச் சுழன்றது.
என் காலடித் தடங்களிலேயே
மறுபடி கால் வைத்துத் திரும்பினேன்,
ஒரு திருடியைப் போல.

கடையில் வெர்லின் கெட்டுனென் காத்திருந்தான்,
காப்பியை அவனே ஊற்றிக்கொண்டு.
ஏரிமேல் அவனுக்கு ஆறு மரக்குடில்கள்.
அடுப்பும் கட்டிலும் தரையில் ஓட்டைகளுமாக,
நாள் வாடகைக்கு.
"சனிக்கிழமை பதினாறு பேர் வருகிறார்கள் ஆர்லிஸ்,
காரில், குடில் வாசல் வரைக்கும்.
பன்னிரண்டு என்று போடேன்.
இரண்டு ராத்திரி குளிர்ந்தால் தானே ஆகிவிடும்."

கெட்டவனில்லை.
போன பிப்ரவரியில் என் எரிவாயு பாக்கியைக்
கேட்காமலே கட்டியவன்.

போன வருஷம் போட்டேன்.
பத்தைப் பன்னிரண்டு என்று எழுதினேன்,
கை நடுங்கவில்லை.
முப்பத்தொரு வண்டிகள் ஏறின.
ஒரு சிறுமி தன் உயரத்தில் பாதி நீளத்துக்கு
ஒரு பைக் மீனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டாள்.
ஜன்னலில் நின்று இருட்டும்வரை எண்ணினேன்.
முப்பத்தொன்றும் இறங்கின.

எதுவும் நடக்கவில்லை.
எண்ணி முடித்த பிறகும்
எண்ணிக்கொண்டே இருந்தேன், ஏப்ரல் வரை.

இரவில் ஏரி உறுமும்.
கரையிலிருந்து கரைக்கு ஒரு வெடிப்பு ஓடும்,
வெளியூர்க்காரர்கள் கட்டிலில் எழுந்து உட்கார்வார்கள்.
சத்தம் போடும் ஐஸ் வளர்கிற ஐஸ்.
நிம்மதியாகத் தூங்குங்கள் என்பேன்.
மார்ச் மாதம் அது பேச்சை நிறுத்தும்.
அப்போது நான் தூங்கமாட்டேன்.

சாக்பீஸை எடுத்தேன்.
பதினொன்றையும் ஒன்பதையும் ஓரமாக எழுதிவிட்டு
நடுவில், என் உள்ளங்கை அளவுக்கு,
ஐந்தே கால்.
கீழே: கார் வேண்டாம். நடந்து போங்கள்.

வெர்லின் பார்த்தான்.
காப்பியை முடித்தான்.
இரைமீன் அரை டஜன் வாங்கிச்
சில்லறையை எண்ணி வைத்தான்,
ஒரு காசு கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.
கதவு சாத்திய வேகத்தில்
விலைப்பட்டியல் ஆணியிலிருந்து விழுந்தது.

மாலை நாலரைக்கே இருட்டு.
ஓடை வாய்ப் பக்கம் ஒரு நெற்றிவிளக்கு
நகர்வதும் நிற்பதுமாக இருந்தது.
காலையில் போய்ப் பார்த்தேன்.
ஸ்ப்ரூஸ் கிளைகள்,
துளை போட்டு நட்டு, நீரூற்றி உறையவைத்து,
பதினான்கு. கோணல்மாணலாக ஒரு வேலி.
கடைசிக் கிளையில் அவனுடைய ஆரஞ்சுக் கையுறை,
ஒன்றுதான்.

வேலிக்கு இப்பால் மண்டியிட்டு அளந்தேன்.
ஐந்தரை.
கால் அங்குலம் கூடியிருக்கிறது.

போய் எழுத வேண்டும்.