மீசை

தூத்துக்குடியிலிருந்து ராத்திரி பஸ்ஸில்
தெர்மாகோல் பெட்டிக்குள் வந்தது சிங்கி இறால்.
ஈரச்சாக்கைப் பிரித்தால் அசைவில்லை.
"செத்துப்போச்சு" என்றார் இன்னாசி.
மன்னவனூர்க் குளிரில்
எனக்கும்தான் கைகால் ஓடவில்லை,
நான் செத்தா போனேன்?

அடுப்பருகே வைத்ததும்
மீசையடி தேய்த்துக் கிறீச்சிட்டது,
எண்ணெய் காணாத கதவுக்கீல்.
இன்னாசி
கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இருப்பதில் பெரியது இட்லிக்கொப்பரை.
உடம்பு அடங்கியது.
மீசை இரண்டும் மூடிக்கு வெளியே
எதற்கோ சிக்னல் தேடிக்கொண்டு.

பத்து நிமிஷம் போதும் என்பாள் செல்வமேரி.
அவள் கடற்கரையில் இருக்கிறாள்.
இங்கே தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கும்,
சூடு பத்தாது.
பருப்போடு மல்லுக்கட்டி ஏழு வருஷம்
நான் கற்றது: மேலே ஐந்து நிமிஷம்.

ஜன்னலுக்கு வெளியே மேகம், உள்ளே ஆவி.
துடைக்கத் துடைக்க
எது எந்தப் பக்கமென்று தெரியவில்லை.

மூடியைத் திறந்தேன்.
நீலமும் பச்சையுமாய்ப் போனது
சுட்ட செங்கலாய்க் கிடந்தது.
பூம்பாறைப் பூண்டை நசுக்கிப் போட்டும்
அடங்காத உப்புவாடை,
எங்கள் தெருவே வந்து நின்றதுபோல்.

இன்னாசி வந்தார்,
எங்கிருந்தோ வாங்கிய எலுமிச்சையோடு.
வாலை உடைத்து
பெரிய துண்டை எனக்கு வைத்தார்.
விரலை நக்கிக்கொண்டே சொன்னார்:
"அடுத்த தடவை
செத்ததையே அனுப்பச் சொல்லு."