ஏழாம் பாடவேளை

கயிறு என்று வைத்துக்கொண்டேன்.
வலக்கையில் கட்டுகிறவர்கள் ஒரு கூட்டம்,
இடக்கையில் கட்டுகிறவர்கள் இன்னொன்று.
சாமி பெயர் எதுவும் வேண்டாம்,
வலயத்திலிருந்து தொலைபேசி வரும்.
பழைய சீலைக்கரையைக் கிழித்து
முப்பத்தொரு துண்டு.

பால்மா ரின்னுக்குள் சீட்டுக் குலுக்கினோம்.
கபிஷனுக்குப் பிணம் விழுந்தது.
நிலுக்சனும் இன்னும் மூவரும்
காவுகிறவர்கள், இடக்கை.
சுடலை வாசலை மறிக்கிறவர்களுக்கு வலக்கை.
அதில் முதல் ஆள் ஜெபசீலி.

இரண்டு மேசையை நிமிர்த்தினால் கேற்.
வாங்கில் மல்லாந்து கிடந்த கபிஷன்
வயிறு குலுங்கச் சிரித்தான்.
"பிணம் சிரிக்காதடா" என்று
காவுகிறவர்களும் சிரித்தார்கள்.
அரைச்சுவருக்கு அங்கால்
பாலை மரத்தில் குரங்குகள்,
ஒட்டுசுட்டான் பஸ் விட்டுப்போன புழுதி
இறங்க மனமில்லாமல் நின்றது.

வசனம் நான் எழுதவில்லை.
வாயில் வந்ததைச் சொல்லுங்கோ என்றேன்.
வந்தது.

"தேவாரம் பாடாத பிணத்துக்கு
எங்கட மண்ணில என்ன வேலை?"
"மாவுக்கும் சீனிக்கும் மாறின ஆக்கள்!"
"விடிய விடியக் கத்தி
ஊரை நித்திரை கொள்ள விடாதவை!"
கயிற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஜெபசீலி கத்தவில்லை.
இல்லாத மூக்குக்கண்ணாடியை
ஒற்றை விரலால் மேலே தள்ளினாள்.
"நீங்கள் வர முன்னம், பிள்ளை,
இந்த ஊரில சண்டை இருக்கேல்ல."
மெதுவாக,
தலையைத் தடவுகிற குரலில்.

வகுப்பு கைதட்டியது.
"அச்சொட்டா ரீச்சர்!" என்றான் பின்வாங்கில் ஒருவன்.

வைகாசியில்
லீவுக் கடிதத்தோடு வந்து நின்றாள்.
பெரியப்பாவின் உடல் மூன்று நாள்
வீட்டுக்குள்ளேயே கிடந்ததாம்.
முல்லைத்தீவிலிருந்து மீன்பெட்டியில் ஐஸ் வந்ததாம்.
கடைசியில் சபைக் காணியில், வேலியோரம்.
கையொப்பம் வைத்துக்கொண்டே என்னவோ சொன்னேன்.
ஆறுதல் என்றுதான் நினைத்தேன்.

கேற்றைத் திறப்பதா இல்லையா,
நான்தான் சொல்ல வேண்டும்.
நெறியாளர் நான்.
பாடக்குறிப்பில் 'தேர்ச்சி' என்ற தலைப்பின் கீழ்
பிறரை மதிப்பர் என்று எழுதி
அதிபரிடம் ஒப்பமும் வாங்கியிருந்தேன்.

காவுகிறவர்களுக்குக் கை உழைந்தது.
வாங்கை இறக்கலாமா என்று தெரியாமல்
தோள் மாற்றினார்கள்.
கபிஷன் இப்போது சிரிக்கவில்லை.
சுடலைத் திறப்பு அவன் வீட்டில்தான்,
சாமிப்படத்துக்குப் பக்கத்து ஆணியில்.
கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"ரீச்சர், நான் இன்னும் எவ்வளவு நேரம்
இப்பிடியே கிடக்கிறது?"

மணி அடித்து ஓய்ந்திருந்தது.
ஜெபசீலி மேசைக்கால் இரண்டையும் பிடித்தபடி
என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
வியர்வையில் கண்ணாடி வழுகி
மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.
விரலை எடுக்காமல் நின்றேன்.