ஏழரை

பெயர் வைத்தது றெக்ஸன்தான்.
ஏழு பேர், ஓர் அரை.
அரை என்பது பதினொரு வயது யூலியஸ்,
தம்பூரின் தட்ட ஆளில்லாமல்
ஐஸ் கொம்பனி வாசலில் பிடித்து வந்தது.
சனியனை வெத்திலை வைத்து அழைக்கிறியள் என்றார் அவன் தகப்பன்.
ஏழரை மாதம்கூட நிற்கவில்லை சனி.

சமாதான காலம். கண்டி வீதி திறந்திருந்தது.
லண்டனில் இருந்து வந்த மச்சான் ஒருவன்
ஒரு ஸ்கா கசற்றை மறந்துவிட்டுப் போனான்,
மறந்தானோ எறிந்தானோ.
குருநகர்ப் பெருநாளில் சொரூபக் கூட்டுக்கு முன்னால் ஊதுகிற
அதே ட்ரம்பெட், அதே நெளிந்த ற்றொம்போன்.
வேகம் மட்டும்
கூடு தூக்குகிறவர்களை ஓடவைக்கிற வேகம்.

"அடி விழுகிற இடத்தில அடிக்காதை" என்றான்
கிற்றார் திலகசீலன்.
"அது விழுந்து முடிய,
மற்றது வர முதல்,
சின்னதா ஒரு இடம் கிடக்கு பார். அதுக்குள்ள."
அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை.
பேஸ் கிற்றார் வாங்கக் காசில்லை,
கீபோர்ட்டில் என் இடக்கைதான் பேஸ்.
இடக்கை ஒரு ஊர், வலக்கை வேறு ஊர்.

தொப்பிகள் பாசையூர்க் கூத்துப் பெட்டியில் இருந்து.
மந்திரிமார் போட்டவை,
ஜிகினா பிடுங்கிக் கறுப்படித்தோம்.
வியர்த்தால் காதோரம் மை வழியும்.

மொத்தம் ஐந்து மேடை. ஒன்று கலியாணவீடு.
மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கை வாங்கி
"தம்பிமார் பழகி முடிய நிகழ்ச்சி தொடங்கும்" என்றார்.
நானும் ஒரு தம்பி.

நாவாந்துறையில் கரண்ட் போனது.
கிற்றார் செத்தது, நான் செத்தேன்,
ஊதுகிறவர்கள் நிறுத்தவில்லை.
இருட்டுக்குள்
துள்ளுகிற செருப்புகளின் சத்தம், நூறு சோடியாவது.
அதைவிட நன்றாக நாங்கள் வாசித்ததே இல்லை.
அதில் நான் வாசிக்கவும் இல்லை.

பிறகு வீதி பூட்டினார்கள்.

பாடின றெக்ஸன் பாரிசில் பல் கட்டுகிறான்.
முன்பற்களைப் படமெடுத்து அனுப்புவான்.
திலகசீலன் ஸ்காபரோவில் பாரவண்டி.
ற்றொம்போனும் சாக்ஸபோனும் அண்ணன் தம்பி;
கடலட்டைப் பண்ணை பிரித்தபின் கதையில்லை.
ட்ரம்ஸ் குகதாசன் காப்புறுதி முகவர்,
என் ஸ்கூட்டிக்கும் அவன்தான்.

ட்ரம்பெட் அருள்நேசன்
முகமாலையில் எட்டு வருடம் கண்ணிவெடி எடுத்தான்.
கருவி கீச்சிடுவது
"நீ நினைக்கிற இடத்தில இல்லை,
அந்தச் சின்ன இடத்திலதான்" என்று சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

யூலியஸ் முழுசாகிவிட்டான். ஆறடி.
கொழும்பில் விளம்பரங்களுக்கு இசை போடுகிறான்.
போன மாதம் ஒரு பிஸ்கற் விளம்பரத்தில்
நான்கு செக்கன், எங்கள் ஊதல்.
தேத்தண்ணி ஆறும்வரை அடுத்த விளம்பரங்களையும் பார்த்தபடி நின்றேன்.

எனக்குக் காணிப் பதிவகத்தில் வேலை.
மத்தியானம் சாப்பாடெடுக்கப் போகிற வழியில்
ஒலிபெருக்கி வாடகைக்கடை.
கொப்பியில் இன்னும் கிடக்கிறது:
ஏழரை, பாக்கி 1450.
இப்போது மகன்தான் முதலாளி.
கண்டால் கேட்பான், பகிடிக்கு.
பேர்சில் காசிருக்கும்.
"எல்லாரும் வரட்டும் தம்பி" என்பேன்,
"சேர்ந்து தாறம்."