முன் அச்சு

பொலிரோவின் முகம் இரண்டு கருங்கல் மேல் நிற்கிறது.
பர்கூர்க் குவாரி வேண்டாமென்று தள்ளிய கல்,
விளிம்பில் துளை போட்ட அரைக்குழல் தடம்.
ஜாக்கை நம்பலாம், கல்லை இன்னும் நம்பலாம்.
சென்னகேசவனை
நட்டு முறுக்குகிற விஷயத்தில் மட்டும் நம்ப முடியாது.

அஞ்செட்டியில், வீட்டுப் பின்பக்கம்,
முருங்கைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
எங்களுக்குக் கிடைத்தது பத்தடி நிழல்.

முன்பிருந்தது தனித்தனியாகக் கை ஆட்டும் சஸ்பென்ஷன்.
தார் ரோட்டில் மெத்தை.
மலைமேல் காய் ஏற்றப் போனால்
மாதம் ஒரு ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் கக்கும்.
போன சித்திரையில் மூன்றாம் வளைவுப் பாறையில்
கீழ்க்கை ஒடிந்தது.
நாற்பது கிரேடு தக்காளி
வெயிலில் நின்று பழுத்து, வெடித்து, வழிந்து
டெயில்போர்டில் சொட்டியது.
அந்தக் கணக்குத் தாளை நான் இன்னும் கிழிக்கவில்லை.

ஆகவே அச்சு.
நேராக, பிடிவாதமாக, ஒரே இரும்பாக.

உடைசல் கடை மன்சூர் எடுத்துக் கொடுத்தது
வனத்துறை ஏலத்தில் விட்ட ஜீப்பினுடையது.
சுரண்டினால் பச்சை.
விறகு வழக்கில் என் சித்தப்பாவை
ஏற்றிப் போனதும் பச்சை ஜீப்.
இதுதானா என்று கேட்க அவர் இல்லை.
பச்சை எல்லாம் ஒரே பச்சை.
கம்பி பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்,
அவ்வளவுதான்.

ஓசூர் கம்பெனியில் ஐந்து வருஷம்
ஸ்கூட்டர் சட்டம் பற்றவைத்தவள் நான்.
அங்கே ஒரு தையலுக்குப் பதினொரு விநாடி.
இங்கே ஸ்பிரிங் உட்காரும் தட்டின் ஒரு மூலைக்கு
ஒரு சாயங்காலமே போயிற்று.
நான் பொறி இழுக்கும்போதெல்லாம்
பக்கத்து வீட்டு டிவி மங்கியதாம்.
சீரியலில் யார் யாரை அறைந்தார்கள் என்று
சாக்கம்மா வேலிக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

புள்ளி வைத்து நிறுத்திய ராத்திரிதான் பார்த்தோம்:
பல்சக்கரக் குடம் வலப்பக்கம்.
கியர்பாக்ஸிலிருந்து வருகிற ஷாஃப்ட்
இடப்பக்கம் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.
"கவுத்துப் போட்டுடலாமா?"
"போடு. முன் சக்கரம் தேன்கனிக்கோட்டைக்குப் போவும்,
பின் சக்கரம் ஒகேனக்கல்லுக்குப் போவும்."
சிரித்தோம். அப்புறம் சிரிக்கவில்லை.
கிரைண்டரை எடுத்து
என் தையலை நானே பிரித்தேன்.

மன்சூர் வேறு கொடுத்தார், இரண்டாயிரம் கூட வாங்கிக்கொண்டு.
பேரம் பேச இரண்டு முறை போன கேசவன்
இரண்டு முறையும் டீ குடித்துவிட்டு வந்தான்.

செல்போனை அச்சின் மேல் படுக்கவைத்து
சாய்மானம் அளந்தோம்.
நாற்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது,
குளிர்காய்ச்சல்காரன் கை மாதிரி.
மறுபடி கல். மறுபடி முதுகில் மண்.
ஆப்பு மாற்றினோம். உதறல் நின்றது.

"இனிமே ஒரு சக்கரம் ஏறினா இன்னொன்னுக்கும் தெரியும்,
நம்மள மாதிரி" என்றான் கேசவன்.
என் கழுத்துக்குள் ஒரு பொறி விழுந்திருந்தது.
உவமைக்கு எனக்கு நேரமில்லை.

மூன்றாம் வளைவு.
பாறை அங்கேயே கிடந்தது,
நெற்றியில் எங்கள் பழைய கை கிழித்த துருக்கோட்டோடு.
இடது ஏறியது.
வலது தணிந்து மண்ணைப் பிடித்தது.
அடியில் பட்டை ஸ்பிரிங் ஒரு தரம் முனகியது.
ஏறிவிட்டோம்.
வேடிக்கை பார்க்க ஒரு ஆடுகூட இல்லை.

"இன்னொருக்கா ஏறிப் பாக்கலாமா?"
"டீசல் யாரு ஊத்தறது?"
ஆனால் ரிவர்ஸ் போட்டது நான்தான்.

ஆறாம் தரம் இறங்கி, படுத்து,
யூ போல்ட் நட்டுகளுக்கு ஸ்பேனர் வைத்தேன்.
ஏழு அசையவில்லை.
எட்டாவது
கால் சுற்று உள்ளே போனது.
அது அவன் முறுக்கியது.
சொல்லவில்லை.