காலண்டர் நைனா

நாலாவது கட்டத்தில் படையெண் கேட்டிருந்தார்கள்.
வாப்பாவின் எண் யாருக்குத் தெரியும்?
எனக்குத் தெரிந்தது,
டின்னில் அடைத்த மீனை அவர் தொடமாட்டார்.
தூக்கத்தில் பர்மாப் பேச்சில் எண்ணுவார்,
பன்னிரண்டில் நின்று
திடுக்கிட்டு விழிப்பார்.
அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

பட்டாளத்தில் இருந்தவர் என்பதே
உம்மா அரிசி அளக்கும் குவளையின் அடியில்
இங்கிலீஷில் பொறித்த மூன்று எழுத்தைப்
பேரன் ஒருவன் வாசித்த பிறகுதான்.

ஷார்ஜாவிலிருந்து இம்தியாஸ் படிவத்தை நிரப்பினான்.
முப்பது பவுன் கட்டணும் என்றேன்.
உம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
நகை இல்லை உம்மா, வெள்ளைக்காரன் காசு.

மவுத்தானதற்குச் சர்டிபிகேட் வேண்டுமாம்.
எழுபத்தொன்பதில் பெரியபட்டினத்தில்
யார் எழுதிக் கொடுத்தார்கள்?
கபுறில் ஒரு மீசான் கல் நிற்கிறது,
கடலில் எடுத்த கல்.
எங்களூரில் அதில் பெயர் வெட்டுவதில்லை.
மோதினாரும் பக்கத்து வீட்டு மரைக்காரும்
சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.
மரைக்காருக்கு அப்போது வயது மூன்று.

பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது.
இம்தியாஸ் போனில் ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினான்.
"பெயர், காலண்டர் நைனா."
நான் சிரித்துவிட்டேன்.
கலந்தர் நெய்னாவை
எந்தக் கிளார்க்கோ ஆணியில் மாட்டிவிட்டிருக்கிறான்.

"நீர்வழிப் போக்குவரத்து. பயர்மேன், இரண்டாம் தரம்.
உயரம் ஐந்தடி நாலங்குலம்.
தாய், பாத்துமுத்து.
ஊர், பெரியபட்டணம், மைசூர்."
எந்த மைசூர்?
"அப்படித்தான் போட்டிருக்கு மாமி.
தாய்க்கு அனுப்பிய உதவித்தொகை
ஆளில்லை என்று திரும்பிவிட்டதாம்."

எதற்கு உதவித்தொகை என்றேன்.
போன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.
பிறகு அவன் வாசித்தான்.
"நாற்பத்திரண்டு ஏப்ரல்.
ஐராவதியில் படகு எரிந்து மூழ்கியது.
பதின்மூன்று பேரும் காணவில்லை.
இறந்ததாகக் கொள்ளப்பட்டது."

நான் பிறந்தது ஐம்பத்தொன்றில்.
எனக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

"வருந்துகிறோம், நீங்கள் தேடுபவர்
இவராக இருக்க வழியில்லை" என்று முடித்திருந்தார்கள்.
அதற்கு மேலே ஒரு வரி,
அங்க அடையாளம்:
தோளுக்குக் கீழே பிறை வடிவில் சுட்ட தழும்பு.
எந்தத் தோள் என்று எழுதவில்லை.

வாப்பா வெற்றுடம்பாய் நின்று நான் பார்த்ததில்லை.
வலைக்குப் போகும்போதும் சட்டையோடுதான்.
உம்மாவிடம் கேட்டேன்.
போ புள்ள, என்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.
இஷா தொழுது பாயைச் சுருட்டும்போது
சுவரைப் பார்த்துச் சொன்னாள்,
"எடப்பக்கம்."

கோட்டைச்சாமி தபால் சைக்கிளில் வருவார், காக்கிச் சட்டை.
மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டால்
வாப்பா கொல்லை வழியாக இறங்கி
உடைமரங்களுக்குள் புகுந்து கடற்கரைக்குப் போய்விடுவார்.
கடன் என்று நினைத்திருந்தோம்.
வட்டிக்கடை மாணிக்கத்தைக்கூட
ஒருமுறை நான் ஏசியிருக்கிறேன்.

மறுநாள் இம்தியாஸ் ஒரு படம் அனுப்பினான்.
பர்மாவில் ஒரு சுவர்.
அடுக்கடுக்காய்ப் பெயர்கள்.
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்.
காலண்டர் நைனா,
தப்பான எழுத்தில்,
நல்ல ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள்.
கபுறுக்குள் ஆளில்லாத பெயர் அங்கே.
இங்கே மீசானில் ஆடு உரசிக்கொண்டிருக்கும்.

"பிழை இருந்தால் தெரிவிக்கச் சொல்றாங்க மாமி.
தெரிவிக்கவா?"

உம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.
எண்பத்தைந்து வயதில் காது மட்டும் கூர்மை.
"அவ்வளவு காலம் ஒளிஞ்சு கெடந்த மனுசன,
இப்ப நாமளா புடிச்சுக் குடுக்கறது?"
காம்புகளைத் தனியாக ஒதுக்கினாள்.

எழுது இம்தியாஸ்.
இவர் எங்கள் ஆள் இல்லை.
சிரமத்துக்கு நன்றி.
அப்புறம், அந்தப் படகில் போன
மற்ற பன்னிரண்டு பேரின் பெயரும் ஊரும்
கிடைக்குமா என்று மட்டும் கேள்.

கேட்டான்.
கிடைக்குமாம்.
ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம்.
ஆளுக்கு முப்பது பவுன்.