விலகல் அட்டை

ஒரு மணித்தியாலம் பறக்க
எட்டு மூட்டை நெல்.
மல்லாவிச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள் நான்,
எதையும் மூட்டையில்தான் எண்ணுவேன்.
நாற்பது மணித்தியாலம் வேண்டுமாம் அனுமதிப்பத்திரத்துக்கு.
அதைப் பெருக்காமல் கொப்பியை மூடினேன்.

இரத்மலானையில் வகுப்புத் தொடங்க
இன்னும் ஐந்து கிழமை.
கரண்ட் நின்ற இரவுகளில்
அல்ஃபா, பிராவோ, சார்லி என்று
நுளம்புவலைக்குள் இருந்து பாடமாக்குகிறேன்.
"ஆரடி அந்தச் சார்லி?"
இருட்டுக்குள் தங்கச்சி துளசிகா.

காற்றுப் பாடம் லேசு.
புத்தகம் பாகையில் சொல்வதன் ஓரத்தில்
சோளகம், கச்சான், வாடை என்று
பென்சிலால் எழுதிவிட்டால் முடிந்தது.

மருத்துவப் படிவம் லேசில்லை.
உடலில் அந்நியப் பொருள் ஏதும் உண்டா?
உண்டு. இடது தோளில், உளுந்தளவு.
ஏழு வயதில் வந்தது,
பதினேழு வருஷமாய் என்னோடு வளர்கிறது,
அதை அந்நியம் என்று எப்படி எழுத?
டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"என்ன திகதி?" என்றார்.
மாதத்தை மட்டும் சொன்னேன்.
கையெழுத்துப் போட்டார்.

சத்தத்தை வைத்தே
எது வருகிறதென்று சொல்லத் தெரியும்
எங்கள் இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும்.
பரீட்சையில் அந்தக் கேள்வி இல்லை.

திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால்
முள் கொஞ்சம் விலகுமாம்.
எந்தத் திசைக்கு எவ்வளவென்று
சின்ன அட்டையில் எழுதி
விமானத்துக்குள் வைத்திருப்பார்களாம்.
உளுந்துக்கு முள் அசையாது, தெரியும்.
என்றாலும் சவர்க்காரப் பெட்டியில்
ஒரு துண்டு வெட்டினேன்.
வடக்கு, தெற்கு, மேற்கு
மூன்றுக்கும் பூச்சியம் போட்டேன்.
கிழக்கை வெறுமையாய் விட்டேன்.

பின்னேரங்களில் சைக்கிளில் சுற்றுப் பழகுகிறேன்.
பள்ளிக்கூட மதிலோடு இடது,
வாய்க்காலோடு இடது, பிறகும் இடது,
கடைசித் திருப்பம் முடிந்தால்
தார் றோட்டுத்தான் ஓடுபாதை.
இன்று நேராக வந்து பார்த்தால்
மரியசீலன் அண்ணை அதன் நீளத்துக்கும்
நெல் காயப் போட்டிருக்கிறார்.
"நெல்லில ஏத்தாத பிள்ளை!"

பாதையில் தடை கண்டால் இறங்கக் கூடாது.
வேகம் கூட்டு. எழும்பு. இன்னொரு சுற்று.
எழும்ப வழியில்லை,
பெடலில் ஏறி நின்று மிதித்தேன்.
புத்தகத்தில் உள்ளபடி உரக்கவும் அறிவித்தேன்:
"திரும்பச் சுத்தி வாறன்!"

"வா, வா," என்றார் அவர்,
"வாய்க்காலடியில என்ர மாடு நிண்டா
அதையும் சாய்ச்சுக்கொண்டு வா."