கடத்தப்பட்டவனின் சட்டை

செவ்வாய் இரவு எட்டு மணிக்கு அவனைக் கடத்தினார்கள்.
பதினொன்றரைக்கு, கதையில் மூன்று நாள் கழித்து,
கிடங்கை உடைத்துக்கொண்டு ஓடிவருகிறான்.
தாடியில் தூசி. உதட்டோரம் ரத்தம்.
சட்டைக் கையில் மட்டும்
கத்திபோல் ஒரு மடிப்பு, கலையாமல்.

இருபத்திரண்டு வருடமாய்
இஸ்மிரில், கர்ஷியாகா படகுத்துறைக்குப் பின்தெருவில்
நீராவி இஸ்திரி பிடிக்கிறவள் நான்.
என்னிடமா?

நாத்தனார் நெர்மினுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.
"கண்ணைப் பாருங்க அண்ணி, அவன் கண்ணை."
பார்த்தேன்.
கெரிம்ஹானிடம் இருப்பது ஒரே பார்வை.
காதலிக்கும் அதுதான், கடன்காரனுக்கும் அதுதான்.
போன சீசனில் அம்மா செத்தபோதும்
அதையே மாட்டிக்கொண்டு வந்தான்
வாடகைக் கோட்டு மாதிரி.

புதன்கிழமை 'பன்னிரண்டாம் சாவி'.
சம்பளத் தகராறில் செல்வினாஸ் விலகிப் போக,
கார் விபத்து, முகத்தில் அறுவை சிகிச்சை,
கட்டைப் பிரித்தால் வேறொருத்தி.
புருஷன் சொல்கிறான்: "நீ மாறவே இல்லை."
சிரித்ததில் சூரியகாந்தி விதை
தொண்டையில் போய் நின்றது.
ஆனாலும் வந்தவள் தேவலை.
அழகாய் அழுகிறவர்களை நான் நம்புவதில்லை,
இவளுக்கு மூக்கும் சேர்ந்து அழுகிறது.

இன்னொன்று, இது எல்லா சேனலுக்கும்:
அந்தத் தேநீர்க் கோப்பைகளில் ஒன்றுமே இல்லை.
உறிஞ்சுகிறார்கள், "சூடு" என்கிறார்கள்.
ஆவி பிழைப்பாய் இருப்பவளிடம்
ஆவி இல்லாத தேநீரை நீட்டுகிறார்கள்.

சரி, வியாழனுக்கு வருகிறேன்.

'உப்பளத்து வீடு'.
ஆறு அறை, ஆறிலும் கூச்சல்.
கதவருகே, கலங்கலாய், டிரைவர் ஃபெரிதூன்.
அவன் சட்டையில்
இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு
சாய்வாய் ஒரு கசங்கல்.
சீட் பெல்ட்டோடு நாளெல்லாம் உட்கார்ந்தவனுக்கு மட்டும்
விழுகிற கோடு.
உடை கொடுப்பவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.
காட்சிக்கு முன்னால் அந்த மனிதன்
எங்கோ ஒரு வண்டியில்
பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.
"நெர்மின், பார், பார்!" என்று கத்தினேன்.
அவள் கதாநாயகியின் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வாரத்தில் நான்கே வசனம் அவனுக்கு.
வண்டி தயார்.
சரிங்கம்மா.
மழை வரும்போல.
நான்காவது, காவல் நிலையத்தில்:
நான் எதையும் பார்க்கவில்லை.
சொல்லிவிட்டுத் தொப்பியை
உள்புறம் வெளிப்புறமாய்த் திருப்பினான்.
எல்லாம் பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துபோனது.
பதிமூன்றாவது வாரம் வாயைத் திறப்பான்
என்று கடை முழுக்கச் சொல்லி வைத்தேன்.

பதிமூன்றாவது வாரம் இல்லை.
பார்க்கிறவர்கள் குறைவாம், மூட்டை கட்டிவிட்டார்கள்.
பன்னிரண்டின் கடைசி நாற்பது நிமிடத்தில்
இரண்டு கல்யாணம், ஒரு துப்பாக்கிச் சூடு,
விளம்பர இடைவெளிக்குள் குணமான புற்றுநோய்.
வாசலில் கார் நின்றது.
ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை.

சேனலுக்குத் தொலைபேசினேன்.
பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள்.

சனிக்கிழமை ஒரு டாக்சிக்காரர் போட்டுவிட்டுப் போன
வெள்ளைச் சட்டையில் அதே கோடு.
காலர் தேய்த்தேன், கை தேய்த்தேன், முதுகு தேய்த்தேன்.
அதை மட்டும் விட்டுவிட்டேன்.
"காசு வாங்கலையா நீங்க?" என்று எகிறினார் மனிதர்.
நியாயம்தான்.
அவர் பார்க்கப் பார்க்க அழுத்தினேன்.
புஸ்ஸென்று போயிற்று.

நேற்று நெர்மின் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.
கெரிம்ஹானுக்குப் புதுத் தொடராம், திங்கள் எட்டு மணிக்கு.
இந்தத் தடவை தையல்காரனாம்.

வரட்டும்.
விதை ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.